வெள்ளைச் சட்டையும் உடைந்த கொப்புளமும்

இஸ்திரி போடுகிறவர் கைரேகை பார்க்கப் போனால் ஏமாந்துதான் வருவார். ரேகை இருக்க வேண்டிய இடத்தில் கொப்புளம் இருக்கும்.

மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற பேட்டையில், என் வீட்டுக்காரரும் நானும் டோபிக் கடை வைத்திருந்தோம். துவைப்பதும் கஞ்சி போடுவதும் அவர். கால்சட்டை, கோட்டு போன்ற முரட்டு உருப்படிகளுக்கு இஸ்திரி போடுவதும் அவர்தான். சட்டைகள் என் பங்கு. கரி போட்டு ஊதுகிற பெட்டி. அதைப் பிடித்துப் பாராதவர்கள் தோசைக்கல்லையாவது தொட்டிருப்பீர்கள். கை சுட்டவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்.

கை யாருடையது

ஊர் உலகத்தில் கொப்புளம் உடைந்துவிடக் கூடாதே என்று பொத்திப் பொத்தி வைப்பார்கள். டோபி வீட்டில் நாங்களே முந்திக்கொண்டு உடைப்போம். காலையில் பெட்டியில் கரி போடுமுன் ஊசியால் குத்தி, நீரைப் பிதுக்கி, தோலையும் மிச்சமில்லாமல் உரித்துவிடுவோம். உயிர் போகும் வலி. ஆனால் வேலைக்கு நடுவே அது தானாக உடைந்து வெள்ளைத் துணியில் பட்டால், பெட்டியின் சூட்டில் மஞ்சளாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் முதலிலிருந்து துவைக்க வேண்டும்.

பழக்கம் பழையதுதான். அதைச் சட்டம் போல ஆக்கியவர் எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர். பண்டார் ஹிலிரில் ஓர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பேனா பிடிப்பதைத் தவிர அந்தக் கைகள் வேறொன்றும் அறியாதவை. ஒருநாள் அவருடைய காலரில் மிளகளவுக்கு மஞ்சள் பட்டுவிட்டது. அன்று எனக்குப் பதிலாக இஸ்திரி போட்ட என் வீட்டுக்காரர் தன் கையில் உடைந்த கொப்புளத்தைக் காட்டிக் காரணம் சொன்னார். மனுஷன் கையைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவருடைய அடுத்த சட்டையில் பெட்டியை வைத்து மறந்திருப்பேன். என் வீட்டுக்காரர்தான் கண்ணாலேயே அடக்கினார். கிராணி காலரைத் தடவிக்கொண்டே சொன்னார்: “கை உன்னோடது, சட்டை என்னோடது. அத ஞாபகம் வச்சுக்க டோபி.”

ஊரெல்லாம் வைத்தியர்

துணி வாங்க வருகிறவர்களில் வைத்தியம் தெரியாத ஒருவரையும் நான் கண்டதில்லை. காப்பித்தூள் அப்பு என்பார் ஒருவர். சமையலுக்கு ஊற்றுகிற கறுப்புக் கிச்சாப்பை ஊற்று என்பார் இன்னொருவர். பற்பசைதான் கண்கண்ட மருந்து என்று பல்லே இல்லாத ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் சொந்த மருந்து, துணிக்குப் போடும் நீலம். ஒருநாள் காலையில் கிச்சாப், மத்தியானம் பற்பசை, சாயங்காலம் நீலம் என்று என் வீட்டுக்காரர் கையில் மூன்றும் ஏறியதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

எதிர் வரிசையில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய செட்டி வீட்டு அம்மாள் ஒருவர் இருந்தார். நாம் கும்பிடும் சாமிதான், நெற்றியில் நம் திருநீறுதான். பேச்சு மட்டும் மலாய். அவர் ஒரு காலை தன் கெபாயாச் சட்டையை வாங்க வந்தபோது, நான் ஊசியும் கையுமாக என் வீட்டுக்காரரின் கொப்புளத் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார். உரிக்காதே, அந்தத் தோலே மருந்து என்றார். நாங்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, அவர் போனதும் உரித்து முடித்தோம். அவர் சொன்ன வார்த்தை அப்படியே காதில் நிற்கிறது: “ஜாங்ஙான் கூபாஸ். கூலிட் து உபாட்.”

மெர்டேகா அவசரம்

மெர்டேகா என்னும் சுதந்திரம் வருகிறது, வெள்ளைக்காரன் கொடியை இறக்கப் போகிறான், நம் கொடி ஏறப்போகிறது என்று ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. அதற்கு முந்திய வாரம், ஊர்வலத்தில் பேண்டு வாசிக்கிறவர்களின் வெள்ளை உடுப்பு முழுவதும் எங்கள் கடைக்கு வந்தது. கஞ்சி மொடமொடவென்று நிற்க வேண்டும், மடிப்பு கத்தி போல இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. சுதந்திரத்துக்குக் கஞ்சி போடுவதே தான்தான் என்பது போலக் கடை முழுக்க நடந்தார்.

அந்த வாரம் பார்த்துத்தான் பெட்டியின் கைப்பிடிக் கட்டை பிளந்து, உள்ளிருந்த இரும்பு அவர் கையைச் சுட்டது. வலது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்கு அடியில், பெரிய கொப்புளம். வழக்கம் போல உடைத்தார், உரித்தார். உரித்த இடம் பச்சைக் கறியாகச் சிவந்திருந்தது. பெட்டி பிடிக்கிற கரித்துணியையே அதன் மேல் சுற்றிக்கொண்டார். பகலில் அந்தக் கை சலவைச் சோடாத் தண்ணீரிலும் கஞ்சித் தொட்டியிலும் கிடக்கும். சாயங்காலம் ஈரத் துணியோடு பெட்டியைப் பிடிக்கும். புண் ஆறுவதற்கு நேரமே இல்லை. சுற்றிலும் வீங்கி, மூன்றாம் நாள் துணியை அவிழ்த்தால் நாற்றம் வந்தது. நாளைக்காவது ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். துணிக்கொடியில் தொங்கிய வெள்ளை வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மெர்டேகா முடியட்டும் புள்ள. கை தானா ஆறிக்கும்.”

மிஸ்ஸியின் கேள்வி

உடுப்பெல்லாம் ஒன்று விடாமல் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் அவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. ரிக்‌ஷா வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விஷம் ஏறிவிட்டது, இரண்டு விரலை எடுத்தால்தான் கையும் உயிரும் தப்பும் என்றார்கள். சம்மதக் காகிதத்தில் நான் கட்டைவிரல் பதித்தேன். வேறென்ன செய்ய.

வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துப் பெண். என் கையிலும் ஒரு கொப்புளம் உடைந்து கிடந்தது. என்னைக் கேட்காமலேயே அதற்கு மருந்து போட ஆரம்பித்தாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரிலும் சவுக்காரத்திலும் மெதுவாகக் கழுவினாள். தொங்கிய தோலை உரிக்காமல் திரும்பப் படியவைத்தாள். அதன் மேல் வாசலின் களிம்பு தடவி, வெள்ளைத் துணி சுற்றினாள். தினமும் மாற்ற வேண்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், சிவந்தாலோ சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது என்றாள். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றாள். துணிக்கு எங்கே போவது என்று முனகினேன். என்ன தொழில் என்று விசாரித்தாள், சொன்னேன். என் வீட்டுக்காரர் கையிலிருந்து அவிழ்த்த துணியைச் சொல்லிக் கேட்டாள்: “அக்கா, உங்கட வீட்டிலதானே இந்த ஊரிலேயே சுத்தமான துணி கிடக்குது. பிறகேன் கரித்துணியைக் கட்டினனீங்கள்?”

கண் விழித்ததும்

ஊர்வலத்தன்று அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். தூரத்தில் பேண்டுச் சத்தம் கேட்ட மாதிரி எனக்கு இருந்தது. ஒருவேளை பிரமையாகவும் இருக்கலாம். ஊரே திடலில் நின்ற அந்த நேரத்தில் நான் அவருடைய கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் இருக்க வேண்டிய இடத்தில் கட்டு சரிந்து தட்டையாக இருந்தது.

மயக்கம் தெளிந்து கண் திறந்தார். விரலைக் கேட்டால் என்ன சொல்வது என்று அதுவரை வார்த்தை தேடி வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் கையைப் பார்க்கவே இல்லை. நாக்கு குழறக் குழற என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று: “உடுப்புல ஒண்ணும் படலியே?”

கிராணி காத்திருந்தது

அதன் பிறகு பெட்டி முழுக்க என் கைக்கு வந்தது. துவைக்க ஆள் வைத்தோம். மிச்ச விரல்களால் அவருக்கு ஒரு துண்டைக்கூடப் பிழிய வரவில்லை. பிழிந்து பார்ப்பார், தண்ணீர் அப்படியே நிற்கும், தொட்டியிலேயே போட்டுவிடுவார். அதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அவருக்கென்று ஒரு வேலையை அவரே பிடித்துக்கொண்டார். என் பழைய வெள்ளைப் புடவையைப் பல்லால் கடித்து நாடா நாடாவாகக் கிழிப்பார். நான் அதைக் கொதிக்கவைத்து, காயப்போட்டு, இஸ்திரி போட்டு, மூடியுள்ள டின்னில் வைப்பேன். என் கையில் கொப்புளம் வந்தால் குத்தவும் விடமாட்டார், உரிக்கவும் விடமாட்டார். தானாக உடைந்தால் கழுவி, வாசலின் வைத்து, இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போடுவார். புண் ஆறும்வரை ஈர வேலைக்கு என்னை அண்டவே விடுவதில்லை.

ஒருநாள் கிராணி அவசரமாக வந்தார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போக வேண்டும், சட்டை உடனே வேண்டும். பாதி இஸ்திரியில் என் கொப்புளம் உடைந்தது. நான் பழக்கதோஷத்தில் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பெட்டியை எடுக்கப் போனேன். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து பெட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். டின்னைத் திறந்தார். கிராணி அப்போதுதான் அந்த வலது கையை முதல்முறையாகப் பார்த்தார். கிராணியிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாத என் வீட்டுக்காரர், அன்றும் உயர்த்தவில்லை: “உக்காருங்க கிராணி ஐயா. கை முதல்ல, சட்டை அப்பறம்.”

ஆக, ஊரையே வெள்ளையாக உடுத்தி ஊர்வலம் அனுப்பிய எங்கள் கைக்கு ஒரு முழம் வெள்ளைத் துணி கிடைக்க, இரண்டு விரலை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.