பொய்க் குரல் கொடுத்த குரங்கும் பழம் போட்ட நானும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொமரலிங்கத்துக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன முருகன் கோயிலுக்குப் போனேன். கோயிலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே நாட்டுக் குரங்குக் கூட்டம் ஒன்று இருக்கிறது. என்னைப் போலப் பழப்பையோடு இன்னும் நாலு பேர் போனால் அவற்றுக்கு நல்லதில்லை.

நான் நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் குரங்கு சிறுத்தை வந்ததுபோல் பொய்யாகக் கத்தி மற்றவற்றை ஏமாற்றுகிறது என்று கூட வேலை செய்பவர் சொன்னார். அதைப் படம் பிடிக்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன். சாமி கும்பிடுவதெல்லாம் இரண்டாம் பட்சம்.

திருப்பூரில் காலை 6.15க்கு பஸ். உடுமலை வரை சுமார் 65 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், டிக்கெட் 50 ரூபாய். அங்கிருந்து கொமரலிங்கத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. கொமரலிங்கத்திலிருந்து கோயில் 11 கிலோமீட்டர். போக வர, காத்திருக்கவும் சேர்த்து ஆட்டோவுக்கு 600 ரூபாய் பேசினேன். ஓட்டியவர் வேலுச்சாமி, ஐம்பது வயதிருக்கும்.

"காது கிழிஞ்சவ ஒருத்தி இருக்கறாளுங்க. கிட்டப் போனாலே மத்ததுக அவள அடிச்சுத் தொரத்தும். அவ சிறுத்தையப் பாத்தாப்பல கத்துவா. எல்லாம் மரத்துல ஏறுனதும் தான் மட்டும் எறங்கித் தின்னுக்குவா. நானே நாலஞ்சு தடவ பாத்துட்டனுங்க" என்றார். தந்திரமா, பதற்றமா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் 10.40க்கு நானே பார்த்தேன்.

புளியமரத்தடியில் யாரோ உடைத்த தேங்காய்ச் சில்லுகளைக் கூட்டம் பொறுக்கிக்கொண்டிருந்தது. அவள் பத்தடி தள்ளி, வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று புதரைப் பார்த்துக் கரகரவென்று கத்தினாள். ஒரு நொடியில் தரை காலி. அவள் நிதானமாக நடந்து வந்து, கன்னம் உப்பும்வரை சில்லுகளை அடைத்துக்கொண்டு போனாள். நான் போனை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அங்கேயே திரும்பியிருக்கலாம். எனக்கு வீடியோ வேண்டியிருந்தது. குரங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்ற பலகையைப் படித்துவிட்டுத்தான், காவலாளி கண்ணில் படாமல், பையில் இருந்த ஆறு வாழைப்பழங்களை மரத்தடியில் போட்டேன்.

கூட்டம் இறங்கியது. அவள் மறுபடியும் கத்தினாள், எல்லாம் மறுபடியும் ஏறின. இந்த முறை நாற்பது விநாடி பதிவு செய்தேன். பெரிய ஆண் குரங்கு மட்டும் பாதி மரத்திலேயே நின்று புதரைப் பார்த்தது, பிறகு கீழே பார்த்தது. அவள் இரண்டு கையிலும் பழம் வைத்திருந்தபோது அவள்மேல் குதித்துத் தொடையைக் கடித்தது. குட்டி விழவில்லை. ஒரு காலை இழுத்துக்கொண்டே அவள் பாறைமேல் ஏறினாள். பாறையில் ரத்தம் சொட்டியிருந்தது.

சத்தம் கேட்டுக் கோயில் காவலாளி ஓடிவந்தார். படியில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது: கணவன், மனைவி, ஐந்து வயதுப் பெண். தூத்துக்குடிப் பக்கத்தவர்கள், திருப்பூரில் தையல் வேலை. குரங்கு பார்க்க வேண்டும் என்று மகள் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்ததாக அந்தம்மா சற்றுமுன்தான் சொல்லியிருந்தார். அவர்கள் பையிலும் வாழைப்பழம் இருந்தது.

"ஏனுங்க, போர்டு வெச்சிருக்கறது தெரியலீங்களா?" என்று காவலாளி அவர்களிடம் கேட்டார்.

"நாங்க போடல அண்ணாச்சி. எங்க பழம் பையிலதான் இருக்கு" என்றார் கணவர்.

காவலாளி என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, நீங்க பாத்தீங்களா?"

"நான் கவனிக்கலீங்க" என்றேன்.

கணவர் மகளைப் பார்த்தார். "ஏட்டி, நீ போட்டியா?"

"நான் போடலப்பா."

"பொய் சொல்லாத." முதுகில் ஓர் அடி விழுந்தது. குழந்தை "போடலப்பா, போடலப்பா" என்று சொல்லிக்கொண்டே அழுதது. காவலாளி அவர்களைக் கீழே இறங்கச் சொன்னார். சந்நிதிக்குப் போகாமலேயே இறங்கினார்கள். நான் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தேன்.

பத்து நிமிடம் கழித்துக் காவலாளியிடம் போய், போட்டது நான்தான் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அவங்க எறங்கிப் போயிட்டாங்களேங்க" என்றார். அவர்களைப் பிடிக்க வேண்டும் என்றதும் வேலுச்சாமி ஆட்டோவைக் கிளப்பினார். ஒரு கிலோமீட்டர் தள்ளி பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், வெயிலில் நடந்துகொண்டிருந்தவர்களைப் பிடித்தோம்.

இறங்கிச் சொன்னேன். அந்தம்மா, "அப்பமே சொல்லியிருக்கலாம்லாக்கா" என்றார், அவ்வளவுதான். கணவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகள் முன்னால் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினார். குழந்தை அம்மாவின் மறுபக்கம் போய் நின்றுகொண்டது. ஆட்டோவில் கோயிலுக்குத் திரும்பக் கூட்டிப் போகிறேன் என்றேன். "வேண்டாம்க்கா, பஸ் வந்துரும்" என்றார் அந்தம்மா. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

மறுபடி கோயிலுக்குப் போய் ஒரு மணி வரை தேடினேன். காது கிழிந்தவள் கண்ணில் படவில்லை. "காயம் ஆறுனா வருமுங்க" என்றார் காவலாளி. இரண்டு வாரம் கழித்து வேலுச்சாமிக்குப் போன் செய்தேன். இன்னும் பார்க்கவில்லை என்றார்.

அந்தப் பக்கம் எந்த மலைக்கோயிலுக்குப் போனாலும், தின்பண்டம் எதையும் மேலே கொண்டுபோகாதீர்கள், ஆட்டோவிலேயே வைத்துவிடுங்கள். குரங்கைத் தூரத்திலிருந்து பாருங்கள், அதுவாக என்ன செய்கிறதோ அது போதும். தண்ணீர் இரண்டு லிட்டர் வேண்டும். காலை எட்டரைக்குள் உடுமலையில் சாப்பிட்டுவிடுங்கள், அப்புறம் வழியில் ஒன்றும் கிடைக்காது. பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லி நன்றாக இருக்கும். நான் அன்றைக்கு நாலு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டிருந்தேன். காது கிழிந்தவளாவது பசிக்காகப் பொய் சொன்னாள்.