ராகுகாலம் முடியும்வரை நகராத சிப்பாய்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் மூத்த மகனின் பெண். தாய் போனபின் என் கையில் சோறு தின்று வளர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு. செஸ்ஸில் எங்கள் பக்கத்தில் அவளை அடிக்க ஆள் கிடையாது. நான் சொன்னால் அதில் தப்பில்லை.

போன மாதம் காரைக்காலில் போட்டி. கடைசி ஆட்டம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. ஜெயித்தால் புதுச்சேரி அணியில் இடம். திருநள்ளாற்றிலிருந்து திரும்புகிற கூட்டத்தில் இடிபட்டு பஸ்ஸில் போய் இறங்கினோம். மண்டப வாசலில் மகன் அவளிடம், "பத்தரை வரைக்கும் ராகுகாலம். அதுக்கு முன்னாடி காயைத் தொடாத" என்றான்.

வெள்ளைக் காய் அவளுக்கு. அவள்தான் ஆரம்பிக்க வேண்டும். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மற்ற மேசைகளில் ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. இவள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம்தான், சும்மா இருந்தாலும் அது கழியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எப்போதும் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளிச் சண்டையாக ஆரம்பிப்பாள். அதற்கு நிறைய யோசிக்க வேண்டுமாம். அன்று பத்தரைக்கு ராணிக்கு முன்னால் நின்றதைத் தள்ளி, மனப்பாடமாகத் தெரிந்த ஆட்டத்தையே ஆடினாள். கடைசியில் எதிராளியைவிட ஒரு சிப்பாய் அதிகம் இருந்தது, நேரம்தான் இல்லை. இவளே டிரா கேட்டாள். எதிரே இருந்த கல்லூரிப் பெண் சட்டென்று கை கொடுத்துவிட்டாள். அரைப் புள்ளியில் இடம் போயிற்று.

"கையில இருந்த ஆட்டத்த ஏண்டி விட்ட?" என்றான் மகன்.

"நேரம் ஓடிப்போச்சுப்பா."

"ஓடுற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பக்கம் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செஸ் பலகையைப் பரணில் போட்டுவிட்டான். இனி படிப்பு மட்டும் போதுமாம். பயந்து ஆடினாள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவருகிறான். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவளைக் கேட்டேன். "நல்லதுக்குத்தானே சொன்னாரு அப்பாயி" என்றாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் நடவுக்குப் போன காலத்தில் ராகுகாலம் பார்த்தா சேற்றில் இறங்கினேன்? நான்கு நாளாக எழுத்துக் கூட்டி இதை எழுதியிருக்கிறேன்.

வா கண்ணு, உங்கப்பன் சாப்பிட உக்காந்திருக்கான். இத அவன் முன்னாடி வாசி. எழுத்து கோணலா இருந்தா நீயே நிமித்திக்க. வாசல்ல அவன் சொன்னத மட்டும் அப்படியே வாசி.