ஏழாம் நம்பர் சாவி

சீசன் முடிந்த பிறகு விடுதியில் வந்து தங்குகிறவன் ஒன்று கஞ்சனாக இருப்பான், இல்லை பெண்டாட்டியோடு சண்டை போட்டவனாக இருப்பான். நான் இரண்டிலும் கொஞ்சம். பன்னிரண்டு அறைகளில் தங்கியிருந்தது நான் ஒருவன்தான். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவோ தினமும் எல்லா அறைகளையும் திறந்து, குழாயில் சிறிது நேரம் தண்ணீர் விட்டு, ஜன்னல்களைத் திறந்து வைப்பார். இல்லாவிட்டால் வாடை வந்துவிடுமாம்.

புதன்கிழமை அவருடைய மகன் வந்து இறங்கினான். நான்கு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்போது வேலையை விட்டுவிட்டுத் தன்னோடு வரச் சொன்னான் அவன். கை கால் திடமாக இருக்கிற வரைக்கும் யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன் என்றார் இவர். அதோடு முறிந்தது. இதையெல்லாம் வராந்தாவைத் துடைத்தபடியே எனக்குச் சொன்னார். இந்த முறையும் மனம் கசந்து போனால் இனி வரவே மாட்டான் என்று பயந்தார்.

அந்தப் பயத்தில், கைக்குப் பழகிய வேலையையே செய்தார். வெந்நீர் ஒழுங்காக வரும் ஏழாம் நம்பரைத் திறந்துவிட்டார். சுருக்கமில்லாத விரிப்பு, பிரிக்காத சோப்பு, மூன்றாக மடித்த துண்டு. கதவைத் தட்டாமல் உள்ளே போவதில்லை. அவன் வெளியே போன பத்தாவது நிமிஷம் படுக்கையைச் சரிசெய்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வந்தது. பெற்ற பிள்ளையையா வாடகைக்கு வந்தவன் மாதிரி நடத்துவது? அதற்குத்தான் நான் இருக்கிறேனே.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்றாம் நாள் காலையில் பையோடு வந்து மேஜைமேல் சாவியை வைத்தான்.

"கிளம்பிட்டியா?" என்றார் அக்கா.

"மூணு நாளா புது சோப்பு, புது துண்டு. ஒரு தடவைகூட என்னைத் திட்டலையேம்மா."

நான் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். ஒரு வரிகூட ஓடவில்லை. அவன் பையைத் தூக்கினான். வாசலுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். படிக்கட்டுக்குக் கீழே அக்கா படுக்கும் ஒடுக்கமான அறைக்குள் நுழைந்தான். பையைத் தரையில் போடும் சத்தம் கேட்டது.

அக்கா சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அதை ஆணியில் மாட்டிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"செருப்போடயா உள்ள போன, எருமை? இப்பதான்டா துடைச்சேன்."