புளியங்கொட்டைப் பரிசு

எனக்கு வாய் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்காக உச்சுக் கொட்ட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தேக்கா சந்தையில் வாங்கிய பிரியாணியை முடித்துவிட்டு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து நாலு பேர் உட்காருவோம். நான், என் கணவர், சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர், அவருடைய தங்கை. காகிதம், பென்சில், பகடை, அவ்வளவுதான் விளையாட்டுக்குத் தேவை. நான் கதை சொல்வேன். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடப்பார்கள். கோட்டைக் கதவு திறக்குமா, காவல்காரன் நம்புவானா என்பதைப் பகடை சொல்லும். உடல் பலத்துக்கு ஓர் எண், புத்திக்கு ஓர் எண், பேச்சுக்கு ஓர் எண் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் இருக்கும். புத்தி மூன்று என்றால் சுத்த மண்டு, பதினெட்டு என்றால் மேதை.

இதில் ஒரு தொல்லை உண்டு. உடல் பலம் பதினெட்டு என்று எழுதியவர் நிஜமாகவே பாறையைத் தூக்க வேண்டியதில்லை. ஆனால் புத்தி பதினெட்டு என்று எழுதியவர் புத்திசாலியாகவே பேசியாக வேண்டும் என்று நான் சட்டம் போட்டிருந்தேன். புத்தி குறைந்த பாத்திரத்தை எடுத்தவர், விடை தெரிந்தாலும் தெரியாதவர்போல நடிக்க வேண்டும். நன்றாக நடித்தால் ஒரு புளியங்கொட்டை பரிசு. குழம்புக்குப் புளி கரைக்கும்போது எடுத்துக் கழுவிக் காயவைத்த கொட்டைகள்தான். ஒரு கொட்டையைத் திருப்பிக் கொடுத்தால், தோற்றுப்போன பகடையை இன்னொரு தடவை உருட்டலாம்.

என் கணவர் எப்போதும் மேதைதான். சாங்கி விமான நிலையத்தில், சரக்கு விமானத்தில் எந்தப் பெட்டி எங்கே ஏற வேண்டும் என்று திட்டம் போடும் வேலை, மனக்கணக்கிலேயே முடித்துவிடுகிற ஆள். நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு தயாரித்த புதிரைக் காபி ஆறுவதற்குள் அவிழ்த்துவிடுவார். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும்.

போன வருடம் அந்த மேதை சறுக்க ஆரம்பித்தார். கதையில் முந்தின வாரமே செத்துப்போன மந்திரியிடம் பேச வேண்டும் என்பார். தன் கையில் இருக்கும் சாவியைக் கோட்டை முழுக்கத் தேடுவார். நான் விடுவேனா? "உங்க ஆளுக்குப் புத்தி பதினெட்டுங்க. இப்படியா கேப்பான்?" என்று எல்லார் முன்னாலும் பிடித்துக்கொள்வேன். ஒரு தடவை இல்லை, வாராவாரம். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஒரு ஞாயிறு, புதுப் பாத்திரம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். தாளில் புத்தி என்ற இடத்தில் ஆறு என்று எழுதினார்.

அட, அதற்குப் பிறகு அவர் நடித்தாரே நடிப்பு! ஒரே காவல்காரனிடம் மூன்று தடவை பெயர் கேட்டார். கூட வருகிறவர்களை ஆள் மாற்றிக் கூப்பிட்டார். கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றார். துணிக்கடை நண்பர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, நாடகத்துக்குப் போயிருக்க வேண்டிய ஆள் என்றார். நான் கொட்டைகளை வாரி வழங்கினேன். அவர் ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை, எல்லாவற்றையும் ஞாயிறுதோறும் போடும் நீலச் சட்டையின் பையில் போட்டுக்கொண்டார். வார நாட்களிலும் அது தொடர்ந்தது. தேயிலை டப்பா குளிர்பெட்டிக்குள் இருக்கும், வீட்டுச் செருப்போடு வேலைக்குக் கிளம்புவார். வேஷம் இன்னும் கலையவில்லையா என்று நான் கிண்டலடிப்பேன். அவரும் சிரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்தார். அலுவலகத்தில் ஒரு கூட்டத்துக்குள் நுழையப் போய்க்கொண்டிருந்தேன்.

"நான் கிராஞ்சில இருக்கேம்மா. இங்க ஏன் வந்தேன்னு தெரியல."

சாங்கிக்குப் போக வேண்டிய மனிதர் தீவின் எதிர்க்கோடியில் நிற்கிறார். எனக்கு உறைத்ததா? "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லீங்க. கொட்டை கிடையாது" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். கடவுளே, வைத்துவிட்டேன்.

மாலையில் ஒரு புதுக்கோட்டைத் தம்பி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டார். கிராஞ்சியில் செடிப் பண்ணையில் வேலையாம். அண்ணன் பேருந்து நிறுத்தத்திலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்ததாகவும், அடையாள அட்டையில் முகவரியைப் பார்த்து அழைத்து வந்ததாகவும் சொன்னார். உள்ளே வரச் சொன்னேன், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். என் கணவரின் காலில் மண் அப்பியிருந்தது. நான் அதைக் கழுவிவிட்டேன், அவர் மறுக்கவில்லை.

மறதி நோய் என்றார் மருத்துவர். ஐம்பத்தோரு வயதிலும் வருமாம். பரிசோதனையில் எடுத்த எண்ணை ஒரு தாளில் குறித்தார், நான் தாளில் குறிப்பதைப் போலவே. ஒரு மருந்து கொடுத்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிப்பார்கள். எண் இறங்காமல் இருந்தால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம். இறங்கினால், அதை நிறுத்திவிட வேண்டியதுதான். வேறு மருந்து கைவசம் இல்லை.

பேருந்தில் திரும்பும்போது, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டேனா, சண்டை போட்டேனா, தெரியவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"மேதையா இருந்தப்ப நீ திட்டுன. மண்டுன்னு எழுதிக்கிட்டேன், எல்லாரும் கைதட்டுனீங்க. அது நிம்மதியா இருந்துச்சு."

பேருந்தில் அத்தனை பேர் பார்க்க அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த ஆறு மாதமும் நான் பைத்தியக்காரி மாதிரி அவரைப் படிக்கவைத்தேன். காலையில் ஐந்து வார்த்தை சொல்வேன், பல் தேய்த்துவிட்டு வந்ததும் திருப்பிக் கேட்பேன். தேதி கேட்பேன், கிழமை கேட்பேன். தப்பாகச் சொன்னால் கத்துவேன், கத்திவிட்டு மன்னிப்புக் கேட்பேன், மறுபடி கத்துவேன். அந்த எண் மட்டும் இறங்கக் கூடாது. அதைத் தவிர எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பரிசோதனைக்கு அந்தப் பழைய நீலச் சட்டையைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தார். மருத்துவர் இளவயதுச் சீனப் பெண், அவரை அங்கிள் என்று பணிவாகக் கூப்பிடுவார். ஐந்து வார்த்தைகளைச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். பிறகு, அந்த ஐந்து வார்த்தைகளையும் சொல்லுங்கள் அங்கிள் என்றார்.

அவர் ஒன்றைச் சொன்னார். நாற்காலி. அத்தோடு நின்றுவிட்டது. மருத்துவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, ஒரு புளியங்கொட்டையை எடுத்து மேசை மேல் வைத்தார்.

மருத்துவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இன்னொரு தடவை கேளுங்கள், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது என்றேன். அப்படிச் செய்ய முடியாது, மதிப்பெண்ணுக்கு முதல் பதில்தான் என்று மெதுவாக விளக்கினார். நான் குரலை உயர்த்தினேன். கதவுக்கு வெளியே கேட்டிருக்கும். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஐந்து வார்த்தைகளையும் மறுபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சற்றுப் பொறுத்துக் கேட்டார்.

நாற்காலி என்றார் இவர்.

இரண்டாவது கொட்டையை வைத்தார். பிறகு மூன்றாவது. அந்தப் பெண் முகம் சுளிக்காமல் ஒவ்வொரு தடவையும் சொன்னார். ஒவ்வொரு கொட்டையும் எந்த ஞாயிறு, எதற்காகக் கொடுத்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. காவல்காரனின் பெயர். தள்ளவா இழுக்கவா என்று தெரியாத கதவு. அவருடைய நோய்க்குத்தான் நான் பரிசு கொடுத்திருக்கிறேன்.

கடைசிக் கொட்டையும் போனது. சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து, மருத்துவருக்குக் கேட்காதபடி கெஞ்சினார்.

"இன்னொண்ணு குடும்மா. நல்லா நடிக்கிறேன்."

என்னிடம் ஒன்றும் இருக்காது என்று தெரியும். இருந்தாலும் கைப்பையைத் திறந்து தேடினேன்.