சித்தி விட்டுப்போன அடைக்கோழி

கோழிச்செள்ளுக்கு நான் இன்றுவரை கடை மருந்து வாங்கியதில்லை. பூனாகலையில் எட்டு வயதிலேயே அதை ஜெயித்தவள் நான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களை ஒரேயடியாக இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அம்மாவின் தங்கை குடும்பத்துக்கும் பயணம் வந்தது. லொறியில் ஏறுமுன் சித்தி, அடையில் இருந்த தன் கறுப்புக் கோழியைப் பெட்டியோடு எங்கள் ஒற்றை அறைக் காம்பறாவில் கொண்டுவந்து வைத்தாள்.

"குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பாத்துக்கடி. வந்து வாங்கிக்கிறேன்."

சரியென்று தலையாட்டினேன்.

பத்தாம் நாள் கோழி முட்டையை விட்டு எழுந்து வெளியே நின்றது. பெட்டிக்குள் கையை விட்டால் முழங்கை வரை பொடிப்பொடியாகச் செள்ளு ஊர்ந்தது.

"இனி இது அடையில குந்தாது. அறுத்துக் கறி வச்சிருவோம்" என்றார் அப்பா.

"சித்தி வந்து கேட்டா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

முட்டைகளைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைத்தேன். பெட்டியில் கிடந்த பழைய மானாப்புல்லைக் கொளுத்தினேன். பலகை இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றிக் காயவைத்தேன். சாம்பலைச் சலித்து, கோழியை மடியில் கவிழ்த்து, இறக்கைக்கு அடியிலும் வாலடியிலும் அழுத்தித் தேய்த்தேன். கொத்தியது, நான் விடவில்லை.

"புல்லுக்கு அடியில பொயலக் காம்பு போடு. அப்பத்தான் அண்டாது" என்றாள் அடுத்த வீட்டு அக்கா.

புகையிலை இருந்தது அம்மாவின் வெற்றிலைப் பையில்தான். அது இல்லாமல் அம்மா கொழுந்து பறிக்க மலையேற மாட்டாள். அதைத் தொட்டால் அடி விழும். தொட்டேன். அம்மா கையைப் பிடித்துவிட்டாள்.

"எதுக்குடி?"

"சித்தி கோழிக்கு."

பிடி தளர்ந்தது. அந்த வாரத்துப் புகையிலை முழுவதையும் எடுத்து, அம்மாவே கிள்ளிப் பெட்டியில் பரப்பினாள். மேலே புதுப் புல். ஒவ்வொரு முட்டையையும் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு அடுக்கினாள். கோழி பெட்டியை மூன்று சுற்றுச் சுற்றியது. பிறகு ஏறிக் குந்திவிட்டது.

தினமும் ஒருமுறை இறக்கிச் சாம்பல் குழியில் புரளவிட்டேன். அடுத்த வாரம் ஒன்பது குஞ்சுகள். ஒன்றின் மேலும் ஒரு செள்ளு இல்லை.

தலைவாரிக்கொண்டு, குஞ்சுகளைக் கூடையில் தூக்கிக்கொண்டு, லொறி போன வளைவில் போய் உட்கார்ந்தேன். பொழுது சாயும்போது அம்மா தேடி வந்தாள். அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வெறும் வெற்றிலையை மென்றாள்.

"லொறி இன்னிக்கு வராதாம்மா?"

"இன்னுங் கொஞ்ச நேரம் பாப்போம்" என்றாள்.

அம்மாவும் என்னைப் போல நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.