சங்குக்கு ஏது உசிரு?

போன வாரம் தாராபுரத்தில் கோயமுத்தூர் பஸ் ஏறினேன். ராமேஸ்வரத்திலிருந்து வருகிற வண்டி. குண்டடம் தாண்டி வெயில் ஏறியது. கூடவே ஒரு நாற்றமும்!

"ஏனுங்க கண்டக்டர், யாரோ கருவாடு ஏத்தியிருக்காங்க. மூட்டையோட ஆளையும் எறக்கி உடுங்க" என்றார் முன்சீட்டுப் பெரியவர். வெள்ளை வேட்டி, விரலில் மோதிரம்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எதை? என் பக்கத்து சீட்டை. அங்கே ஓர் அம்மா. நிறம் போன சேலை, மடியில் துணி மூட்டை. மகளுக்குப் பெரியாஸ்பத்திரியில் பிரசவம், துணைக்கு ஆளில்லை என்று ஏறும்போதே என்னிடம் சொல்லியிருந்தார்.

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். "எறங்கிக்க. அடுத்த வண்டியில வா."

"ஐயா, கொழந்தைக்குப் பழைய சேலைத் துணிங்க. கருவாடெல்லாம் இல்லீங்க!" முடிச்சை அவிழ்க்கப் போனார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க எதுக்கு அவுக்கோணும்? இருங்க."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக விலங்கியல் படித்தவள் நான். ஏன், முதன்முதலாகப் படித்தவளே நான்தான்! லேபில் முகராத நாற்றமா? இது கருவாடே இல்லை.

குனிந்து பார்த்தேன். பெரியவரின் சீட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை... கறுப்பாக நீர் கசிந்துகொண்டிருந்தது.

"இது என்னங்க?"

"சின்னச் சின்னச் சங்குங்க அம்மணி. கடக்கரையில பொறுக்குனது, ஊட்டு ஷோகேசுக்கு. அது எங்க நாறப்போகுது?"

பையைப் பிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஜன்னலுக்குத் தாவினார்கள். பல சங்குகளின் வாயில் பழுப்பு நிறத்தில் ஒரு மூடி.

"இப்படி மூடியிருந்தா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தமுங்க. உசிரோட அள்ளிட்டு வந்து சாகடிச்சுப்போட்டீங்க."

"சங்குக்கு ஏது உசிரு?"

நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. கடலே இல்லாத சீமை நம்முடையது. கூழாங்கல் போல அதுவும் சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறோம். உள்ளே ஒரு நத்தை, தன் உடம்பிலிருந்தே சுரந்து, தான் வளர வளர நீட்டிக் கட்டிக்கொண்ட வீடு அது!

இது தெரியாததை மன்னித்துவிடலாம். ஆனால், நாற்றம் வந்ததும் முதலில் சேலையைப் பார்த்தோமே — அதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தோம்?

"கண்டக்டரே, இப்ப யாரை எறக்கறதுங்க?" பின்சீட்டிலிருந்து ஒரு கிண்டல்.

அந்த அம்மாதான் பதில் சொன்னார். "பைய மட்டும் எறக்கிப்போடுங்க. அவரு வரட்டும். என்ற புள்ள தனியா கெடக்கறா... வண்டிய எடுங்க."

பையை ரோட்டோரம் இறக்கிவிட்டு வண்டி கிளம்பியது. பஸ் நிறையப் படித்தவர்கள்தான் — அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் ஒரு வாயும் திறக்கவில்லை.