பதினொரு வெள்ளைச் சீட்டுகள்

இனிஷ்டாரா தீவின் வாக்குச்சாவடிக்கு நோரீன் மங்கன் இருபத்தாறு ஆண்டுகள் தலைமை அதிகாரி. மற்ற நாட்களில் தபால் நிலையம் நடத்துபவர். அவரை நல்லவர் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. பிடிவாதக்காரர், அதில் சந்தேகமில்லை. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருவது என் வேலை.

எங்கள் மீனவர்களில் மாலக்கி கானீலி மட்டும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட்டதே இல்லை. பிடிக்கக்கூடிய மீனின் அளவை ஐரோப்பியத் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் குறைத்தபோது தன் பெரிய படகை உடைக்கக் கொடுத்தவர் அவர். ஒவ்வொரு தேர்தலிலும் நோரீன் அவரை நச்சரிப்பார்.

“என் ஓட்டக் குப்பையிலதான் போடுவாங்க.”

“பொட்டியப் பூட்டுறது நானு. எவன் போடுறான்னு பாக்குறேன்.”

அந்த ஜூன் மாதம் மாலக்கி வந்தேவிட்டார். காற்று ஏறிக்கொண்டிருந்ததால் கரைக்குப் போகும் நண்பகல் படகு முன்கூட்டியே கிளம்பப் போவதாகச் சங்கு ஊதியது. அதில் போகவேண்டிய பதினொரு பேர் பைகளோடு வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தார்கள். கடைசி ஆள், பல் வைத்தியரிடம் போகக் கிளம்பிய மாலக்கி.

“வாயப் பொளந்து நிக்காத நோரீன், சீட்டக் குடு. மனசு மாறிடும்.”

ஆளுக்கு இரண்டு சீட்டு: ஐரோப்பாவுக்கு வெள்ளை, உள்ளூர் மன்றத்துக்குப் பச்சை. கொடுக்கும் முன் ஒவ்வொன்றிலும் கைக்கருவியை அழுத்தித் துளை முத்திரை போட வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு செல்லாது. அவசரத்தில் நோரீன் இரண்டையும் சேர்த்து ஒரே அழுத்தாக அழுத்தினார். நான் பட்டியலில் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தேன், பார்த்தும் கவனிக்கவில்லை.

படகு போன பிறகும் கை அதே பழக்கத்தில் அழுத்தியது. அடுத்து வந்த பள்ளி ஆசிரியை வெள்ளைச் சீட்டோடு திரும்பி வந்தார்.

“இதுல ஓட்டையே இல்லையே?”

மேலே இருந்த பச்சையில் மட்டும்தான் கருவியின் பல் இறங்கியிருந்தது. நோரீன் அவருக்கு வேறு சீட்டுக் கொடுத்தார். பிறகு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சீல் வைத்த பெட்டி. திறக்க அவருக்கும் உரிமை இல்லை. நடந்ததை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். அதன் பிறகு ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியாக, தேவைக்கு மேல் அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை கரையில் இருந்த விளையாட்டரங்கில் எண்ணிக்கை. நோரீனும் நானும் போயிருந்தோம். கட்சிக்காரர்கள் தடுப்புக் கம்பியில் சாய்ந்து பென்சிலும் அட்டையுமாக நின்றார்கள். எண்ணுபவர்கள் எங்கள் பெட்டியைக் கவிழ்த்தார்கள். பதினொரு வெள்ளைச் சீட்டுகள் தனியே ஒதுங்கின. தேர்தல் அதிகாரி ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே தூக்கினார். துளையின் தடம் கொஞ்சம் இருந்தாலும் போதும், செல்லும்.

“இல்ல.”

“இல்ல.”

“ஓரத்துல ரெண்டு புள்ளி தெரியுது. எடுத்துக்கலாம்.”

நோரீன் சீட்டுகளைப் பார்க்கவில்லை. அதிகாரியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் நாலு தேறின. ஏழு தள்ளுபடி. அந்த ஏழும் யாருடையவை என்பது யாருக்கும் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

திரும்பும் படகில் நான் சொன்னேன்: “மாலக்கியோடது அந்த நாலுல ஒண்ணா இருக்கலாம். எதுக்குப் போய்ச் சொல்லிக்கிட்டு?”

“இருக்கலாம்கிறதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கச் சொல்றியா?”

எனக்கும் சேர்த்துத்தான் அந்த மறைவிடத்தைத் தேடியிருந்தேன்.

மாலக்கி துறையில் நண்டுக் கூண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நோரீன் எதையும் விடாமல் சொன்னார். மாலக்கியின் கை நிற்கவில்லை.

“பச்சை?”

“அது செல்லும்.”

“அப்ப ஊருக்கு நான் வேணும். பிரஸ்ஸல்ஸுக்குத்தான் சந்தேகம்.”

“தப்பு பிரஸ்ஸல்ஸோடது இல்ல. என்னோடது.”

“தெரியுது. அவனுங்களத் திட்டியே பழகிட்டேன். உன்னத் திட்ட வாய் வரல. அதான் எரிச்சலா இருக்கு.” முடிச்சை இழுத்து இறுக்கினார். “அடுத்தது எப்போ?”

“அஞ்சு வருஷம்.”

“ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டுத்தான் சீட்ட வாங்குவேன். உன் மூஞ்சிக்கு நேரா.”

“பாரு.”

இதை மன்னிப்பு என்று நோரீன் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை. அவர் மேட்டுப் பாதையில் ஏறத் தொடங்கினார். சொல்ல வேண்டிய வீடுகள் இன்னும் பத்து இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களை அடித்தவன் நான். கூடப் போனேன்.